அச்சகம் எரிந்த ஊரும் கவலைப்படும் பாராளுமன்றமும்

அயல்நாட்டில் ஓர் இனத்தார் துன்புறுத்தப்படுவது குறித்துப் பாராளுமன்ற உறுப்பினர்கள் கவலை தெரிவித்தனர் என்ற செய்தியை நாம் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். படித்துவிட்டு, "கவலை தெரிவித்து என்ன பயன்? அடிபட்டவனுக்கு அது மருந்தாகுமா?" என்று கேட்டுப் பத்திரிகையை மடித்து வைப்பவர்களும் நம்மிடையே உண்டு. கேள்வி நியாயமானதே. ஆயினும் அதற்கு முன்னே கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கவலைப்படுவதற்கு வேண்டிய செய்தி அம்மன்றத்துக்குள் எவ்வழியாக வந்து சேர்ந்தது? அவ்வழியை அடைத்துவிட்டால் கவலை எங்கிருந்து பிறக்கும்?

இதை அறிய நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. இராமேசுவரத்துக்கு அப்பால் உள்ள இலங்கையே போதும்.

1956ஆம் ஆண்டில் அங்கே சிங்களம் ஒன்றே ஆட்சிமொழி என்று சட்டம் செய்தார்கள். ஈராண்டு கழித்து, 1958இல், தமிழர்மீது பெருங்கலகம் மூண்டது. உடனே நெருக்கடி நிலை பிரகடனமாயிற்று. பத்திரிகைகளுக்குத் தணிக்கையும் வந்தது. நடந்த கொடுமைகளை உலகுக்கு எடுத்துரைத்தவர் தமிழரல்லர். 'சிலோன் அப்சர்வர்' ஏட்டின் ஆசிரியராயிருந்த தார்சி விட்டாச்சி என்னும் சிங்களப் பெருமகனார் அவர். தணிக்கைக்குட்பட்ட பத்திரிகையில் எழுத இயலாததை 'எமர்ஜென்சி 58' என்ற நூலாக எழுதினார். அது அதே ஆண்டில் இலண்டன் மாநகரில் அச்சேறியது. நேர்மையான பேனாவுக்கு இனபேதம் இல்லை என்பதை நாம் மறவாதிருத்தல் நலம்.

யாழ்ப்பாணத்து நூலகம் எரிக்கப்பட்டதை அறியாத தமிழர் இரார். 1981 மே 31 இரவு தொடங்கிய வெறியாட்டத்தில், சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. நெருப்பு வைத்தவர்களுள் காவல் துறையினரும் இருந்தனர் என்பதுதான் வெட்கக்கேடு. அந்நாட்களிலேயே 'ஈழநாடு' பத்திரிகையின் அலுவலகமும் அச்சகமும் தீக்கிரையாயின. நூலகத்துக்காக இன்றும் கண்ணீர் வடிக்கிறோம். அச்சகத்தை நினைப்பவர் சிலரே. என் சிற்றறிவுக்கு எட்டிய வரையில், தீ வைத்தவர்களின் கருத்து அச்சகத்தை எரித்ததில்தான் தெளிவாகத் தெரிகிறது. "நூலகம் எரிந்தது" என்று மறுநாள் காலையில் அவ்வூரில் அச்சிட வேண்டிய ஏடு அதுவல்லவா?

எஞ்சியிருந்தது பாராளுமன்றம். அங்கே எதிர்க்கட்சித் தலைவராக வீற்றிருந்தவர் தமிழர் விடுதலைக் கூட்டணியின் திரு. அ. அமிர்தலிங்கம் அவர்கள். மறு மாதமே, ஜூலையில், ஆளுங்கட்சியார் அவர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார்கள்! ஆளுங்கட்சிமீது எதிர்க்கட்சி கொண்டுவருவதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். எதிர்க்கட்சித் தலைவர்மீது ஆளுங்கட்சி கொண்டுவந்த விந்தையை நான் வேறெங்கும் படித்ததில்லை. நூலகம் எரிந்ததற்கு அதே கட்சியைச் சேர்ந்த பிரதமர் ரணில் விக்கிரமசிங்க பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2016ஆம் ஆண்டில். இடையில் ஓடியவை முப்பத்தைந்து ஆண்டுகள்.

1983இல் நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் திரு. சிவநாயகம் நடத்திவந்த 'சாட்டர்டே ரிவ்யூ' என்ற ஆங்கில வார ஏடு ஜூலைத் தொடக்கத்தில் முத்திரையிடப்பட்டது. அம்மாதம் 24ஆம் நாள் கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரியத் தொடங்கின. 25, 27 ஆகிய நாட்களில் வெலிக்கடைச் சிறையில் ஐம்பத்து மூன்று தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். ஆகஸ்டில் அரசியலமைப்புக்கு ஆறாவது திருத்தம் வந்தது. பிரிவினையை ஆதரிப்பதில்லை என்று அது விதித்த சத்தியப் பிரமாணத்தை எடுக்க மறுத்த கூட்டணியினர் தம் இடங்களை இழந்தனர். முதலில் ஏடு, பிறகு மக்கள், அதன்பின் பாராளுமன்றத்தில் இருந்த குரல்.

ரயில்வேயில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்த நிலையத்திலிருந்து பதில் வராவிட்டால், அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று எண்ணி எவரும் வண்டியை அனுப்பிவிட மாட்டார்கள். ஏன் பதில் இல்லை என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். 1983இல் டில்லிப் பாராளுமன்றம் அவ்வாறு விசாரித்தது. கட்சி பேதமின்றி உறுப்பினர்கள் பேசினார்கள். வெளிநாட்டு மந்திரி நரசிம்மராவ் ஜூலை முடியுமுன் கொழும்புக்குச் சென்றார். இலங்கையின் ஒற்றுமையை மதிக்கிறோம், ஆயினும் அங்கு நடப்பது எங்களைப் பாதிக்காமல் இராது என்ற கருத்துப்படப் பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் ஆகஸ்டில் மக்களவையில் பேசினார். பின்னர் ஜி. பார்த்தசாரதி தூது சென்றார். அம்முயற்சிகள் துன்பத்தைத் தீர்த்தனவா என்றால், தீர்க்கவில்லை. ஆனால், பேசாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவும் அஞ்சுகிறேன்.

பேச்சே இல்லாமல் முடிந்த கதையும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. மலையகத் தோட்டத் தமிழருக்கு 1947 தேர்தலில் வாக்குரிமை இருந்தது. தங்கள் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1948, 1949 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. 1952இல் அவர்கள் சார்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஒருவருமில்லர். 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோது, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலைகள் எண்ணப்பட்டன. அத்தலைகளை எவரும் கேட்கவில்லை. அவ்வாறு வந்தவர்களில் பல குடும்பங்கள் நம் கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டப் போயின.

அயலாரைச் சொல்லும்போது நம் வீட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பாராளுமன்ற நடவடிக்கைகளை உள்ளது உள்ளபடி வெளியிடும் பத்திரிகைக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டம் 1956இல் பெரோஸ் காந்தியின் தனிநபர் மசோதாவால் வந்தது. அவருடைய மனைவியார் பிரதமராயிருந்த நெருக்கடி நிலைக் காலத்தில் அது நீக்கப்பட்டது. 1977இல் மீண்டும் வந்தது. 1978இல் அரசியலமைப்பிலேயே இடம் பெற்றது. உறுப்பினர் பேசினால் மட்டும் போதாது, அப்பேச்சு நம் வீட்டு வாசலுக்கும் வர வேண்டும் என்பதை அந்த இருபத்தொரு மாதங்கள் நமக்குக் கற்பித்தன.

இலங்கையிலோ எழுதுவோரின் பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று. பி.பி.சி.க்குச் செய்தியளித்த நிமலராஜன் 2000 அக்டோபரில் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். தராக்கி சிவராம் 2005 ஏப்ரலில் கடத்தப்பட்டு, பாராளுமன்றத்துக்கு அருகிலேயே பிணமாகக் கிடந்தார். 2006 மே 2 அன்று 'உதயன்' அலுவலகத்தில் புகுந்தோர் ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றனர். மறுநாள் உலகப் பத்திரிகைச் சுதந்திர நாள், அவ்வாண்டு அதற்கு விழா எடுத்த நகரமோ கொழும்பு! 2009 ஜனவரியில் 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்கவும் கொல்லப்பட்டார். அவரும் சிங்களவரே.

கவலைக்குக் கைகால் முளைத்த சந்தர்ப்பமும் உண்டு. இலங்கையின் ஆயத்த ஆடைகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 'ஜி.எஸ்.பி. பிளஸ்' என்னும் சுங்கச் சலுகை வழங்கிவந்தது. மனித உரிமை மீறல்களைக் காட்டி 2010இல் அதை நிறுத்தி, 2017இல் திரும்பக் கொடுத்தது. பீனியாவிலும் பொம்மனஹள்ளியிலும் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் நம் சகோதரிகளுக்கு அச்சலுகையின் அருமை விளங்கும். அது போனால் முதலில் வேலை இழப்பவள் அங்கும் ஒரு தையற்காரிதான். ஆகவே இவ்வாயுதத்தை நான் முழு மனத்துடன் பாராட்ட மாட்டேன்.

2021 ஜூன் 10 அன்று, அச்சலுகையைத் தற்காலிகமாக நிறுத்துவது பற்றி ஆராய வேண்டும் என்று ஐரோப்பியப் பாராளுமன்றம் தீர்மானம் செய்தது. அத்தீர்மானத்தில் ஓர் இளம் கவிஞரின் பெயர் இருந்தது. அஹ்னாப் ஜஸீம் என்ற அம்முஸ்லிம் இளைஞர் தமிழில் எழுதியது 'நவரசம்' என்னும் கவிதைத் தொகுதி. வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகள் அதில் இருந்தும், தீவிரவாதம் பரப்பினார் என்று கூறிப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் 2020 மே மாதத்தில் அவரைச் சிறைப்படுத்தியிருந்தார்கள். தமிழ்க் கவிதையின் பொருள் தமிழரல்லாத எத்தனையோ நாட்டாரின் மன்றத்தில் விவாதப் பொருளாயிற்று! 2021 டிசம்பரில் ஜாமீன் கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. தீர்மானம் ஒன்றுதான் அவரை மீட்டது என்று சொல்வதற்கில்லை. வழக்குரைஞர்களும் எழுத்தாளர்களும் விடாது உழைத்தார்கள். 'நவரசம்' நூலின் ஒரு பிரதியை நம் சங்கப் படிப்பகத்துக்கு வரவழைக்கும்படி நிர்வாகிகளைக் கேட்டிருக்கிறேன்.