ஏரிக்கு யார் பொறுப்பு?

சென்னையை ஒட்டிய நம் பொழிச்சலூரில் 2015 டிசம்பர் வெள்ளம் பற்றிப் பேச்சு வந்தால் பழி செம்பரம்பாக்கம் ஏரியின் மேல்தான் விழும். அங்கிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டது உண்மைதான். ஆனால் அடையாறு அங்கே பிறப்பதில்லை. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் சேர்ந்துதான் ஆறாகிறது. செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் திருநீர்மலை அருகே வந்து கலக்கிறது. அதற்கும் கீழேதான் அனகாபுத்தூர், பொழிச்சலூர்.

ஏரிகள் தனித்தனி அல்ல, சங்கிலி. மழைநீர் வரத்துக் கால்வாயில் வரும், மதகு வழியே ஆயக்கட்டு வயலுக்குப் போகும், நிரம்பினால் கலங்கலைத் தாண்டி அடுத்த ஏரிக்கு ஓடும். மேல் ஊர்க்காரர் கலங்கலை உயர்த்தினால் கீழ் ஊர் காயும். மேல் ஏரியின் கரை உடைந்தால் கீழ் ஊர் மூழ்கும். அதனால்தான் இதைப் பார்த்துக்கொள்ள முறை வைத்தார்கள். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் என்றே ஒரு குழு இருக்கிறது. கோடையில் தூர்வாரி வண்டலை வயலுக்கு அடிப்பார்கள். மதகைத் திறந்து அடைக்கும் நீர்க்கட்டிக்கு விளைச்சலில் பங்கு உண்டு. ஊரார் கூடிச் செய்த இந்த வேலைதான் குடிமராமத்து.

ஹவாய்த் தீவுகளிலும் இப்படித்தான். மலை உச்சியிலிருந்து கடல்வரை ஒரே நீரோட்டத்தை ஒட்டிய நிலத்தை ஒரு பிரிவாக வைத்து, அதற்கு அஹுபுவா என்று பெயரிட்டார்கள். மேலே காடு, நடுவில் சேப்பங்கிழங்கு வயல், கரையில் கல்சுவர் கட்டிய மீன்குளம். குளத்து மடையின் இடைவெளியில் குஞ்சு நுழையும், வளர்ந்த மீன் வெளியேற முடியாது.

இரண்டையும் பொற்காலமாக்க வேண்டாம். அங்கே அதிகாரம் தலைவர்களிடம். இங்கே மண் சுமந்தவர்களில் பலருக்குச் சொந்த நிலமே கிடையாது.

1848-இல் ஹவாயில் நிலம் தனிச்சொத்தாகப் பிரிக்கப்பட்டது. 1858-இல் சென்னை மாகாணத்தில் குடிமராமத்தைக் கட்டாய வேலையாக்கிச் சட்டம் போட்டார்கள். ஏரியின் மேல் உரிமை சர்க்காருக்கு, வேலை மட்டும் ஊராருக்கு என்றால் யார் மண்வெட்டி தூக்குவார்?

ஹவாயில் ஊராரின் பொறுப்பில் ஒரு பகுதி திரும்பி வந்திருக்கிறது. கவாய் தீவின் ஹாஎனாவில் ஊரார் சேர்ந்து எழுதிய மீன்பிடி விதிகளை 2015-இல் அரசே ஏற்றது. தமிழ்நாட்டில் அரசின் குடிமராமத்துத் திட்டம் 2017 மார்ச்சில் தொடங்கியது. தொடங்கிய இடம் நம் ஆற்றுக்கு நீர் தரும் அதே மணிமங்கலம் ஏரி. திட்டம் ஆயக்கட்டு விவசாயிகளை நம்பியது. நம் பக்கத்தில் வயல்கள் மனைகளாகிவிட்டன. தண்ணீர் தேவைப்பட்டதால்தான் ஏரியைக் காத்தார்கள். தேவை போனதும் காவலும் போனது.

ஆனால் தேவை முழுக்கப் போகவில்லை, உருமாறியிருக்கிறது. வயலுக்குப் பதில் போர்வெல், வெள்ளத்துக்குத் தப்பும் தரைத்தளம். அதைப் பேச நமக்கு ஓர் இடமும் இருக்கிறது. 2021-இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பம்மலும் அனகாபுத்தூரும் அதில் சேர்ந்தன, பொழிச்சலூர் ஊராட்சியாகவே நின்றது. ஊராட்சிக்கு ஆண்டில் ஆறு கிராம சபைக் கூட்டம் உண்டு. மார்ச் 22 தண்ணீர் தினக் கூட்டமும் அதில் ஒன்று. வருவாய்த்துறைப் புல வரைபடத்தில் உள்ள கால்வாய்கள் தரையில் எங்கே இருக்கின்றன, மழைக்கு முன் யார் தூர்வாருவார்கள் என்று அங்கே கேட்டுத் தீர்மானமாகப் பதிய வைக்கலாம்.