உயிர் காக்கும் குழாயிலிருந்து கசியும் இரசாயனம்: யார் கவனிக்க வேண்டும்?

வைத்தியசாலைக் கட்டிலருகே தொங்கும் சேலைன் பை, அதிலிருந்து கைக்கு இறங்கும் குழாய், குருதிப் பை, டயாலிசிஸ் இயந்திரத்தின் குழாய்கள், குறைமாதக் குழந்தையின் மூக்கு வழியே செல்லும் உணவுக் குழாய். இவற்றில் பெரும்பாலானவை பி.வி.சி. எனும் பிளாஸ்ரிக்கால் ஆனவை. வீட்டில் தண்ணீருக்குப் பூட்டும் குழாயும் இதே பிளாஸ்ரிக்தான். இயல்பில் விறைப்பான அதை வளையச் செய்ய ஓர் இரசாயனம் சேர்க்கிறார்கள். அதுதான் நெகிழ்வூட்டி, அதாவது பிளாஸ்ரிசைசர்.

மருத்துவப் பொருட்களில் நீண்டகாலமாக அதிகம் பயன்படும் நெகிழ்வூட்டி டி.இ.எச்.பி. ஒரு குருதிப் பையின் நிறையில் ஏறத்தாழ 30 முதல் 40 சதவீதம் இதுவே. பிளாஸ்ரிக்குடன் இரசாயன ரீதியாகப் பிணையாததால் இது மெல்ல மெல்ல வெளியே கசிகிறது. சாதாரண சேலைனில் கலப்பது மிகக் குறைவு. குருதி, நரம்பு வழியே ஏற்றும் கொழுப்புச்சத்துத் திரவம் போன்றவற்றில் கூடுதலாகக் கலக்கும். வெப்பமும் நேரமும் கூடினால் அளவும் கூடும். பையில் சேமித்த குருதியில் இது கலந்திருப்பதை அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1970 இலேயே வெளிப்படுத்தினார்கள்.

இதனால் என்ன பாதிப்பு? எலிகளில் நடந்த ஆய்வுகளில், ஆண் குட்டிகளின் இனப்பெருக்க உறுப்புகளின் வளர்ச்சி பாதிக்கப்பட்டது. வைத்தியசாலைக் குழாய்களால் மனிதருக்கும் அப்படி நேர்கிறது என்று உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் 2002 இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் முன்னெச்சரிக்கை விடுத்தது. ஆண் சிசுக்கள், ஆண் குழந்தையைச் சுமக்கும் கர்ப்பிணிகள், பருவமடையும் வயதுச் சிறுவர்கள் ஆகியோருக்கு, அதிக கசிவு ஏற்படும் சிகிச்சைகளில் இயன்றவரை மாற்றுப் பொருட்களைப் பயன்படுத்துமாறு அது ஆலோசனை கூறியது.

ஒரு தடவை சேலைன் ஏற்றியவர் பயப்படத் தேவையில்லை. கவனம் தேவைப்படுவது அளவு கூடும் இடங்களில்தான். தீவிர சிகிச்சைப் பிரிவிலுள்ள குறைமாதக் குழந்தையின் சின்ன உடலில் ஒரே நேரத்தில் பல குழாய்கள் இருக்கும். டயாலிசிஸ் செய்பவரின் குருதியோ வாரந்தோறும், ஆண்டுக்கணக்கில், மணிக்கணக்காகக் குழாய்களினூடாக ஓடுகிறது. காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் வடமத்திய மாகாணத்தோடு வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளையும் தொட்டிருப்பதால் இது எமக்கும் உரிய விடயம்.

போரில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டு நாளாந்தம் சிறுநீர்க் குழாய் பாவிப்பவர்களுக்கும் இந்தக் கேள்வி எழலாம். சிலிக்கன் குழாய்களில் டி.இ.எச்.பி. இல்லை. பி.வி.சி. குழாயாக இருந்தாலும் அது குருதியோடும் கொழுப்போடும் நேரடியாகச் சேர்வதில்லை. அவர்களுக்குப் பெரிய ஆபத்து கிருமித் தொற்றுதான். ஆகவே குழாயின் சுத்தமே முதலில் முக்கியம்.

இந்த இரசாயனத்தை ஒரேயடியாக நீக்கிவிட முடியாதா? குருதிப் பையில் அது சிக்கலானது. செங்குருதிக் கலங்கள் சிதையாமல் நீண்ட நாட்கள் இருக்க டி.இ.எச்.பி. உதவுகிறது. ஆனால் குழாய்களுக்கு மாற்று உண்டு. சிலிக்கன், பொலியூரிதேன் குழாய்களும், வேறு நெகிழ்வூட்டி சேர்த்த பி.வி.சி. குழாய்களும் சந்தையில் உள்ளன. பிரான்ஸ் 2015 ஜூலை முதல் குழந்தைகள், சிசுக்கள், மகப்பேற்றுப் பிரிவுகளில் டி.இ.எச்.பி. கலந்த குழாய்களைத் தடைசெய்தது. கலிபோர்னியா 2030 முதல் சேலைன் பைகளிலும் 2035 முதல் குழாய்களிலும் தடைசெய்யச் சட்டம் இயற்றியுள்ளது.

2009 இல் வன்னியின் தற்காலிக வைத்தியசாலைகளில் குருதியும் மருந்தும் இல்லாமல் உயிர்கள் போனதைக் கண்ட சமூகம் நாம். குழாய் கிடைத்ததே பெரிது என்று நினைப்பது இயல்பு. ஆனால் இல்லாமையை அனுபவித்தவர்கள் தரத்தைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று எந்த நியாயமும் இல்லை.

இதைப் படித்துவிட்டு எவரும் டயாலிசிஸையோ குருதி ஏற்றுவதையோ தவிர்க்கக் கூடாது. சிகிச்சையை நிறுத்தினால் வரும் ஆபத்து நிச்சயமானது. இரசாயனத்தின் ஆபத்து அதைவிட மிகச் சிறியது. குழந்தை நீண்ட நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தால், டி.இ.எச்.பி. இல்லாத உணவுக் குழாய் உண்டா என்று வைத்தியரிடம் கேட்கலாம். சில பொதிகளில் இது பற்றிய குறிப்பும் இருக்கும்.

ஆனால் குழாயைத் தெரிவு செய்வது நோயாளி அல்ல. மருத்துவ உபகரணங்களைப் பதிவு செய்வது தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை. அரச வைத்தியசாலைகளுக்கான கொள்வனவுக்குப் பொறுப்பு சுகாதார அமைச்சு. சிசுக்களுக்கும் டயாலிசிஸ் நோயாளர்களுக்குமான குழாய்களில் என்ன இருக்கிறது என்ற கேள்வி, கேள்விப்பத்திரம் கோரும்போதே கேட்கப்பட வேண்டும்.