வானில் வழிகாட்டும் பெட்டி

ஈஜோக்கிலிருந்து கோலசிலாங்கூருக்குப் போகிறவருக்குச் சாலை உண்டு, சந்தி உண்டு, கைகாட்டி உண்டு. விமானிக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. மேகம் சூழ்ந்துவிட்டால் தரையும் தெரியாது. அப்பொழுது அவருக்குத் துணை நிற்பது ஜி.பி.எஸ். என்னும் கருவியாகும்.

ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக் கோள்கள் ஓயாமல் நேரத்தை அறிவித்தவண்ணம் உள்ளன. குறைந்தது நான்கு கோள்களின் செய்தி வந்துசேரும் காலத்தைக் கொண்டு கருவி தன் இடத்தைக் கணிக்கிறது. ஆனால் இடம் அறிவது வேறு. வழி அறிவது வேறு. வழியை விமானிதான் எழுதித் தரவேண்டும். வான்வழிகளில் குறிக்கப்பட்ட புள்ளிகளுக்குப் பெரும்பாலும் ஐந்தெழுத்துப் பெயர்கள் உண்டு. அவற்றை வரிசையாகப் பதித்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கருவி கோடு போட்டுக் காட்டும். இதுவே பயணத் திட்டம்.

பெயர் பதிப்பதில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்கு ஒரு கொடிய சான்று உண்டு. 1995-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் நாள் இரவு, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் போயிங் 757 விமானம் ஒன்று கொலம்பியா நாட்டின் காலி நகரை நெருங்கிக்கொண்டிருந்தது. ‘ரோஸோ’ என்னும் வழிகாட்டி நிலையத்தை நாடி, கணிப்பொறியில் ‘ஆர்’ என்ற ஒற்றை எழுத்து தட்டப்பட்டது. அச்சிட்ட வரைபடத்தில் ரோஸோவின் குறி அதுவே. கணிப்பொறி முதலில் காட்டியதோ, பொகோட்டா அருகே 130 மைலுக்கு அப்பாலிருந்த ‘ரோமியோ’. அதுவே தேர்ந்தெடுக்கப்பட, விமானம் தாழ்ந்தபடியே கிழக்கே திரும்பி, பின்னர் மலையில் மோதிற்று. 163 பேரில் 159 பேர் மாண்டனர். அது இன்றைய பெட்டிக்கு முந்திய தலைமுறைப் பொறிதான். எனினும் சொன்னதைச் செய்யும் குணம் இரண்டுக்கும் ஒன்றே. சொல்வதெழுதுதலில் ஓரெழுத்து பிழைத்தால் மாணவனுக்கு ஒரு மதிப்பெண் போகும். இங்கே உயிர் போகிறது. ஆகவேதான் ஒவ்வொரு புள்ளியின் திசையையும் தூரத்தையும் வரைபடத்தோடு ஒப்பிடுவது விமானிகளுக்குக் கட்டாயப் பாடம். கருவியிலுள்ள தகவலேட்டையும் 28 நாளுக்கொருமுறை புதுப்பிக்கிறார்கள்.

நிலையத்தை அணுகும்பொழுது கண்டிப்பு கூடுகிறது. நடுவழியில் இரண்டு கடல்மைல் விலகினால் ஓரத்துக்குச் செல்லும் முள், இறுதிக் கட்டத்தில் 0.3 கடல்மைல் விலகினாலே ஓரத்தை எட்டிவிடும்.

அக்கட்டத்தில் வெறும் ஜி.பி.எஸ். உயரத்தைப் போதிய திட்பத்துடன் தராது. இக்குறையைப் போக்க இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் அமைத்தது ‘ககன்’ என்னும் ஏற்பாடு. தரையிலுள்ள 15 நிலையங்கள் பிழையை அளக்கின்றன. திருத்தம் ஜிசாட் கோள்களின் வழியே விமானத்துக்கு வருகிறது. பிழைக்குப் பெரிய காரணம், வானொலி அலையைத் தாமதப்படுத்தும் மேல்வளியின் மின்னணு மண்டலம். காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடி வழியாகச் செல்வதால், இந்திய வானில் அம்மண்டலம் நிலையின்றி மாறுகிறது. பிற நாட்டுக் கணக்கை அப்படியே எடுத்தாள முடியாமல் தனிக் கணக்கு வகுக்கவேண்டியதாயிற்று. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில், ராஜஸ்தானின் கிஷன்கரில் இண்டிகோவின் ஏ.டி.ஆர். விமானம் ககனைக் கொண்டு சோதனையாக இறங்கிற்று. இம்முறைக்கு ஓடுபாதையருகே வழிகாட்டும் வானொலிக் கருவி தேவையில்லை. சிற்றூர் நிலையங்களுக்கு இது பெரும் பேறு.

எனினும் குறித்த உயரத்தில் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாவிட்டால் மீண்டும் மேலெழுந்தே ஆகவேண்டும். அவ்விடத்தில் பல கருவிகள் அடுத்த புள்ளிக்குத் தாமாகச் செல்வதில்லை. விமானி பொத்தானை அழுத்தி ஆணையிடும்வரை காத்திருக்கின்றன.