வாளா இருத்தலும் ஒரு செயலே

அரசு என்றவுடன் சட்டம், ஆணை, வரி ஆகியவையே நம் நினைவிற்கு வரும். அரசு செய்வனவற்றைக் கொண்டே அதன் தன்மையை அளக்கின்றோம். ஆயின், அரசு செய்யாது விடுவனவும் உண்டு. அவையும் மக்கள் வாழ்வை மாற்றும் ஆற்றல் உடையவை. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் தோன்றிய மூன்று பஞ்சங்கள் இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுகின்றன.

1865ஆம் ஆண்டு, அன்று ஒரிசா எனப்பட்ட ஒடிசாவில் பருவமழை பொய்த்தது, விளைச்சல் குன்றியது. வெளியிலிருந்து அரிசி தருவிக்க அரசு முற்படவில்லை. விலை உயர்ந்தால் வணிகர் தாமே தானியம் கொண்டுவருவர். அரசு இடையிற் புகுந்தால் அவர்கள் ஒதுங்கிவிடுவர் என அதிகாரிகள் கருதினர். இக்கருத்து முற்றும் பிழையன்று. நல்ல சாலைகளும், பொருள் வாங்கும் வலிமையுள்ள மக்களும் இருக்குமிடத்தில் அது பொருந்தும். ஒரிசாவிலோ சாலைகள் குறைவு. வேலையிழந்த ஏழைகளின் கையில் காசும் இல்லை. காசில்லாதவன் பசி வணிகனை அழைக்காது. 1866ஆம் ஆண்டின் இடையில் அரசு மனம் மாறியபோது மழைக்காலம் தொடங்கிவிட்டது. கப்பல்கள் கரையை அணுகுதல் அரிதாயிற்று. ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் மாண்டனர்.

இத்துயரம் அரசுக்குப் பாடமாயிற்று. 1873–74இல் பீகாரில் பஞ்சம் தலைகாட்டியபோது, சர் ரிச்சர்டு டெம்பிள் பர்மாவிலிருந்து பெருமளவில் அரிசி தருவித்தார். பட்டினிச் சாவு மிகக் குறைவாகவே நேர்ந்தது. எனினும், வீண் செலவு செய்தார் என்னும் பழியே அவரை வந்தடைந்தது. வந்த கேட்டை அனைவரும் காண்பர். வாராமல் தடுத்த கேட்டை எவரும் காணார். ஆகவே, தடுப்பதற்குச் செலவிட்ட பணம் வீணாகவே தோன்றும். அரசுகள் வாளா இருக்க விரும்புவதற்கு இஃது ஒரு முதன்மையான காரணம்.

அதன் விளைவைச் சென்னை மாகாணம் நுகர்ந்தது. 1876இல் மழை பொய்க்கவே, நம் முன்னோர் தாது வருடப் பஞ்சம் எனக் கூறிய கொடிய பஞ்சம் தொடங்கியது. சென்னை அரசு 30,000 டன் தானியம் வாங்க முற்பட்டது. வைசிராய் லிட்டன் பிரபுவின் அரசு அதனை ஏற்கவில்லை. தானிய ஏற்றுமதியும் தடுக்கப்படவில்லை. செலவைக் கட்டுப்படுத்த 1877இல் டெம்பிளே அனுப்பப்பட்டார். முன்னர்ப் பழி சுமந்த அவர், இம்முறை நிவாரண வேலைக்குரிய கூலியைக் குறைத்தார். ஆடவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவுமே அளவாயின. கடின உழைப்பிற்கு இது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதிட்டார். பின்னரே கூலி சற்று உயர்த்தப்பட்டது. 1878இல் பஞ்சம் தணிவதற்குள், ஆங்கிலேயர் நேராக ஆண்ட பகுதிகளில் மட்டும் 50 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இறந்தனர் என மதிப்பிடுவர்.

பிழைத்தோர் வாழ்வும் பழைய நிலையில் நிற்கவில்லை. நிலத்தை விற்ற உழவர் கூலியாட்கள் ஆயினர். பல்லாயிரவர் ஊரைத் துறந்து இலங்கைத் தோட்டங்களுக்கும் பிற நாடுகளுக்கும் சென்றனர். அரசு வாளா இருந்த சில மாதங்கள் பல தலைமுறைகளின் போக்கையே மாற்றின.

இதன்பின் பஞ்ச ஆணையம் ஒன்று அமைந்தது. 1880இல் அறிக்கை அளித்தது. அதன் பயனாக 1883இல் பஞ்ச விதிகள் வகுக்கப்பெற்றன. மழை தவறினால் எந்த அதிகாரி எதனைச் செய்ய வேண்டும் என்பது எழுத்தில் அமைந்தது. ஆயினும், 1943இல் வங்காளத்தில் மக்கள் இலட்சக்கணக்கில் மடிந்தபோதும், அவ்விதிகளின்படி பஞ்சம் அறிவிக்கப்படவே இல்லை. விதி ஏட்டில் இருந்தும், அதனை எடுத்தாளக் கை எழவில்லை.

பொறுத்திருத்தல் சில வேளைகளில் அறிவுடைமை ஆகலாம். ஆனால், பொறுத்திருப்பதன் விலையைச் செலுத்துவோர் யாவர் என்பதை ஆராய்ந்த பின்னரே அவ்வாறு கூறல் தகும். பஞ்ச காலத்தில் அவ்விலையைச் செலுத்தியவர் ஆணையிட்டோர் அல்லர்; அவ்வாணையில் பங்கேதும் இல்லாத ஏழை மக்களே. குடியாட்சியில் வாழும் நமக்கோ அப்பங்கு உண்டு. ஆகவே, அரசு ஏன் செய்தது என்று கேட்பது போலவே, ஏன் செய்யவில்லை என்று கேட்பதும் குடிமக்களின் கடமையாகும்.