ஊசி நகராது, துணி நகரும்



உங்கள் அம்மாவோ அத்தையோ புதிதாக எம்ப்ராய்டரி மெஷின் வாங்கியிருக்கிறார்களா? இல்லையென்றால் தெருமுனைத் தையல் கடையில் ஒன்று ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை பார்க்கும்போது ஊசியை மட்டும் கூர்ந்து கவனியுங்கள். மயில், மாங்காய், யானை என்று எந்த வடிவத்தைத் தைத்தாலும் வீட்டு மெஷினில் ஊசி ஒரே இடத்தில்தான் நிற்கும். மேலே போகும், கீழே வரும். அதற்கு வேறு வேலை இல்லை. இடமும் வலமும், முன்னும் பின்னும் நகர்வதெல்லாம் துணிதான்!

இதைப் புரிந்துகொண்டால் அந்த மெஷினைப் பற்றிய பயத்தில் பாதி போய்விடும். மீதிப் பயமும் போக இன்னும் சில காரணங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவற்றைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

துணி ஒரு சட்டத்துக்குள் மாட்டப்பட்டிருக்கும். அதை ஹூப் என்பார்கள். உள்ளே ஒரு வளையம், வெளியே ஒரு வளையம், நடுவில் துணி, இறுக்குவதற்கு ஒரு திருகு. கையால் பூவேலை செய்பவர்களின் மர வளையத்திலும் இதே ஏற்பாடுதான். மெஷினில் இந்த ஹூப்பை ஒரு கை பிடித்திருக்கும். அந்தக் கையை நகர்த்த இரண்டு மோட்டார்கள் உண்டு. ஒன்று இடவலமாக நகர்த்தும், மற்றது முன்பின்னாக நகர்த்தும். கணக்கு வகுப்பில் வரைபடத்தாளில் எக்ஸ் அச்சு, ஒய் அச்சு என்று போடுகிறீர்களே, அதேதான். ஊசி குத்துகிற ஒவ்வொரு இடமும் அந்தத் தாளில் ஒரு புள்ளி.

இவை மின்விசிறியில் இருப்பது போன்ற மோட்டார்கள் அல்ல. விசிறி மோட்டார், சுவிட்சைப் போட்டால் அணைக்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். இவற்றின் பெயர் ஸ்டெப்பர் மோட்டார். எத்தனை படி திரும்பச் சொன்னோமோ அத்தனை படி மட்டும் திரும்பி நின்றுவிடும். பரவலாகப் புழங்கும் ஸ்டெப்பர் மோட்டார் ஒரு முழுச் சுற்றை 200 படிகளாகப் பிரிக்கிறது. அப்படியானால் ஒரு படிக்கு எத்தனை பாகை? 360-ஐ 200-ஆல் வகுத்துப் பாருங்கள், 1.8 வரும். இவ்வளவு சிறிய படிகளில் நகர்வதால்தான் பூவின் காம்பு வளைய வேண்டிய இடத்தில் சரியாக வளைகிறது.

ஆனால் இந்த மோட்டாருக்கு ஒரு குறை உண்டு. அது படிகளை எண்ணும், ஆனால் ஹூப் உண்மையிலேயே அங்கே போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காது. மெஷினைச் சுவரை ஒட்டி வைத்திருந்தால், பின்னால் போகும் ஹூப் சுவரில் இடிக்கும். மோட்டார் அது தெரியாமல் தன் கணக்கிலேயே அடுத்த தையலுக்குப் போய்விடும். அங்கிருந்து மயிலின் தலை ஒரு பக்கமும் உடல் ஒரு பக்கமுமாகத் தைக்கும். அதனால் துணியை மாட்டுவதற்கு முன்பே மெஷினைச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள். பக்கத்தில் கத்தரிக்கோல், தண்ணீர் பாட்டில் எதுவும் இருக்கக்கூடாது. ஆடாத மேசையாகவும் இருக்க வேண்டும்.

வேகத்தையும் கொஞ்சம் கணக்குப் போடுவோம். புதிதாகக் கற்பவர்களுக்கான மெஷின்கள் பல, நிமிடத்துக்கு 400 தையல் வேகத்தில் ஓடும். ஒரு தையலுக்கு 0.15 நொடி. ஊசி துணிக்குள் இருக்கும்போது ஹூப் நகர்ந்தால் ஊசி வளைந்து உடைந்துவிடும். ஆகவே ஊசி துணிக்கு மேலே இருக்கும் அந்தச் சின்ன நேரத்துக்குள் ஹூப் நகர்ந்து, சரியான இடத்தில் நின்றுவிட வேண்டும். இதனால்தான் மெஷின் ஓடும்போது விரலை ஹூப்புக்குள் கொண்டுபோகவே கூடாது. அது எந்தப் பக்கம் நகரும் என்று நம்மால் ஊகிக்க முடியாது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே மெஷினைத் தொடுங்கள்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருவோம். தையல் எப்படி விழுகிறது?

ஜாக்கெட்டில் ஆரி வேலை செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? கொக்கி வைத்த ஊசி, துணிக்கு அடியிலிருந்து நூலை மேலே இழுத்து, வளையத்துக்குள் வளையமாகக் கோர்த்துக்கொண்டே போகும். அங்கே இருப்பது ஒரே நூல். கடைசி முடிச்சு விட்டுப்போனால் மொத்த வரிசையும் பிரிந்துவிடும். மெஷினில் நூல் இரண்டு. மேலே வண்ண நூல், கீழே பாபின் என்ற சின்ன நூல் உருளையில் பெரும்பாலும் வெள்ளை நூல். இரண்டும் ஒவ்வொரு தையலிலும் ஒன்றையொன்று பின்னிக்கொள்வதால் அவ்வளவு சுலபமாகப் பிரியாது.

இரண்டு நூலும் எப்படிப் பின்னிக்கொள்கின்றன? ஊசியின் காது அதன் முனைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஊசி வண்ண நூலோடு துணியைத் துளைத்துக் கீழே போகிறது. மிகக் கீழான இடத்தைத் தொட்டுவிட்டு, ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் மேலே எழும்புகிறது. ஊசி மேலே வருகிறது, ஆனால் ஊசியின் பின்பக்கத்து நூலைத் துணி உராய்வால் பிடித்துக்கொள்கிறது. அதனால் நூல் அங்கே ஒரு சின்ன வளையமாகப் புடைக்கிறது. அதே கணத்தில் கீழே சுழலும் கொக்கியின் நுனி வந்து அந்த வளையத்துக்குள் நுழைகிறது. வளையத்தை அகலமாக விரித்து, பாபினைச் சுற்றி எடுத்துப்போகிறது. பாபின் நூல் வளையத்துக்குள் அகப்பட்டுவிடுகிறது. பிறகு மேலே இருக்கும் நெம்புகோல் மிச்ச நூலை இழுத்து இறுக்குகிறது. ஒரு தையல் முடிந்தது. இத்தனையும் 0.15 நொடிக்குள்!

துணி உராய்வால் நூலைப் பிடித்துக்கொள்வதால்தான் வளையம் உண்டாகிறது என்று சொன்னேன் அல்லவா? ஹூப்பில் துணி தொளதொளவென்று இருந்தால் என்ன ஆகும்? ஊசி எழும்பும்போது துணியும் கூடவே எழும்பும். வளையம் சரியாகப் புடைக்காது. கொக்கி வெறுமனே சுற்றிவிட்டுப் போகும். அங்கே ஒரு தையல் விட்டுப்போகும். துணியை இறுக்கமாக மாட்டச் சொல்வது அழகுக்காக மட்டும் அல்ல. மாட்டியபின் விரலால் தட்டிப் பாருங்கள், பறைபோல் ஒலித்தால் சரி.

புதிதாக மெஷின் வாங்கியவர்களை அதிகம் பயமுறுத்துவது வேறொன்று. ஓட்டத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சிக்கி, மெஷின் முனகி நின்றுவிடும். சிக்கல் கீழே இருப்பதால் எல்லோரும் பாபினைக் கழற்றிப் பார்ப்பார்கள். ஆனால் தவறு பெரும்பாலும் மேலேதான் இருக்கும்! மேல்நூல் போகும் வழியில் இரண்டு சின்னத் தட்டுகள் உண்டு. அவை நூலை இருபுறமும் அழுத்திப் பிடித்து, வேண்டிய இறுக்கத்தைக் கொடுக்கின்றன. துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கி வைத்தால் அந்தத் தட்டுகள் விலகும், இறக்கினால் மூடிக்கொள்ளும். பாதத்தை இறக்கிவிட்டு நூல் கோர்த்தால் நூல் தட்டுகளுக்கு நடுவே போகாமல் மேலேயே நின்றுவிடும். அதற்குப் பிடிப்பே இருக்காது. கொக்கி இழுக்க இழுக்க நூல் கீழே இறங்கும், நெம்புகோலால் திரும்ப இறுக்கவும் முடியாது. மிச்ச நூலெல்லாம் அடியில் சேர்ந்துவிடும். மெஷினை அணைத்து, சிக்கலை வெட்டி எடுங்கள். பாதத்தைத் தூக்குங்கள். மேல்நூலை முதலிலிருந்து மறுபடி கோருங்கள். பெரும்பாலும் இவ்வளவுதான் வைத்தியம்.

நூலின் இறுக்கம் சரியா என்பதைத் துணியைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். பட்டையாக ஒரு கோடு தைத்துப் பின்பக்கம் பாருங்கள். நடுவில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளை நூலும், இரண்டு ஓரங்களிலும் வண்ண நூலும் தெரிய வேண்டும். மேல்பக்கத்தில் வெள்ளை எட்டிப் பார்த்தால் மேல்நூல் இறுக்கம் அதிகம். பின்பக்கம் முழுவதும் வண்ணமாகவே இருந்தால் இறுக்கம் போதவில்லை.

ஊசி உறையிலும் நூல்கண்டிலும் எண்கள் போட்டிருப்பார்கள். ஊசியில் 75 என்றால் அதன் தண்டு 0.75 மில்லிமீட்டர் கனம், 90 என்றால் 0.9 மில்லிமீட்டர். எண் கூடினால் கனமும் கூடும். நூலிலோ தலைகீழ். 40 என்று போட்டிருந்தால், ஏறக்குறைய 40 கிலோமீட்டர் நீள நூல் சேர்ந்தால்தான் ஒரு கிலோ எடை வரும் என்று பொருள். 60 என்றால் ஒரு கிலோவுக்கு 60 கிலோமீட்டர் வேண்டும், ஆகவே நூல் இன்னும் மெல்லியது. பூவேலைக்கு 40 எண் நூலும் 75 எண் ஊசியும் நல்ல தொடக்கம்.

அடுத்து, துணி சுருங்கும் கதை. ஒவ்வொரு தையலும் இரண்டு துளைகளுக்கு நடுவே இழுத்துக் கட்டிய நூல். அது அந்தத் துளைகளைக் கொஞ்சம் நெருக்கமாக இழுக்கும். ஒரு தையலின் இழுப்பு கண்ணுக்கே தெரியாது. ஆனால் உள்ளங்கை அளவு பூவில் ஆயிரக்கணக்கான தையல்கள் இருக்கும். எல்லாம் ஒரே திசையில் இழுத்தால் துணி அந்தத் திசையில் குறுகும். கணினித் திரையில் வட்டமாக இருந்தது துணியில் முட்டை வடிவமாக வருவது இதனால்தான். நல்ல வடிவமைப்பாளர்கள் இதை முன்கூட்டியே கணக்கிட்டு, தையல் ஓடும் திசையில் வடிவத்தைக் கொஞ்சம் நீட்டியே வரைவார்கள்.

துணியின் அடியில் தாள் போன்ற ஒன்றை வைத்துத் தைப்பதற்கும் காரணம் இந்த இழுப்புதான். சட்டைத் துணி பாவும் ஊடையுமாக நெய்தது, அதனால் நேராக இழுத்தால் அதிகம் நீளாது. அதற்குத் தைத்தபின் கிழித்து எடுக்கும் தாள் போதும். டீ-சர்ட் துணியோ வளையம் வளையமாகப் பின்னியது. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அதற்குக் கிழிக்கக்கூடாத, கடைசிவரை உள்ளேயே தங்கும் வகைத் தாள் வேண்டும். டீ-சர்ட்டை இழுத்து நீட்டி ஹூப்பில் மாட்டவும் கூடாது. கழற்றியவுடன் துணி பழைய அளவுக்குத் திரும்பும், தையல் திரும்பாது, சுற்றிலும் சுருக்கம் விழும்.

துண்டில் பெயர் தைப்பதற்கு இன்னொரு வழி இருக்கிறது. துண்டின் நூல் வளையங்கள் தையலுக்கு நடுவே தலை நீட்டாமல் இருக்க, மேலே கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய படலத்தை விரித்துத் தைப்பார்கள். அது பாலிவினைல் ஆல்கஹால் என்ற பொருள். அதன் மூலக்கூறுகளுக்குத் தண்ணீரோடு ஒட்டிக்கொள்ளும் இயல்பு அதிகம். துண்டை நனைத்தால் படலம் கரைந்து போய்விடும்.

வடிவம் மெஷினுக்குள் எப்படிப் போகிறது என்று கேட்பீர்கள். அது ஒரு கோப்பாகப் போகிறது. ஜப்பானின் தாஜிமா நிறுவனம் உருவாக்கிய டிஎஸ்டி என்ற கோப்பு வகையை உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். அதில் படம் இருக்காது. "இங்கிருந்து வலப்பக்கம் இவ்வளவு, முன்னால் இவ்வளவு நகர்" என்ற கட்டளைகள்தான் வரிசையாக இருக்கும். அளவு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அந்த அளவுகளை எழுத 1, 3, 9, 27, 81 என்ற ஐந்து எண்கள் போதும். ஒவ்வொன்றையும் கூட்டலாம், கழிக்கலாம், விட்டுவிடலாம். 5 வேண்டுமா? 9 − 3 − 1. 50 வேண்டுமா? 81 − 27 − 3 − 1. ஐந்தையும் கூட்டினால் 121, அதாவது 12.1 மில்லிமீட்டர். அந்தக் கோப்பில் ஒரே தாவலில் போகக்கூடிய தூரம் அவ்வளவே. 1 முதல் 121 வரை எந்த எண்ணைச் சொன்னாலும் இப்படிப் பிரிக்க முடியும். நண்பர்களோடு விளையாடிப் பாருங்கள்!

துணியை நகர்த்தும் யோசனை புதியது என்று நினைக்காதீர்கள். பிரான்சின் முலூஸ் நகரத்தைச் சேர்ந்த ஜோசுவே ஐல்மான் 1820-களின் இறுதியில் செய்த எம்ப்ராய்டரி எந்திரத்திலேயே துணி கட்டிய சட்டம்தான் நகர்ந்தது. அதில் இருபுறமும் கூராக, நடுவில் காது வைத்த ஊசிகள் இருந்தன. 1863-இல் சுவிட்சர்லாந்தின் ஐசக் கிரோப்லி, படகு வடிவ ஷட்டிலைக் கொண்டு இரண்டு நூல்களில் தைக்கும் எந்திரத்தை உருவாக்கினார். 1898-இல் அவருடைய மகன், துளையிட்ட அட்டையைப் படித்துத் தானாகவே தைக்கும்படி அதை மாற்றினார். இன்றைய கோப்புகள் செய்யும் வேலையை அன்று அந்தத் துளைகள் செய்தன.

முதல் நாளே பட்டுத் துணியிலோ டீ-சர்ட்டிலோ கை வைக்காதீர்கள். மெஷினோடு வரும் ஒரே வண்ணப் பூ ஒன்றை, பழைய பருத்தித் துணியில், குறைந்த வேகத்தில் தையுங்கள். அடுத்ததாகப் பெயர் தைக்க ஆசை வரும். தமிழில் தைப்பதாக இருந்தால் எழுத்துகளை 2 சென்டிமீட்டர் உயரமாவது வையுங்கள். ஞ, ஐ போன்றவற்றில் சுழிகள் அதிகம். சிறிதாக வைத்தால் தையல்கள் நெருங்கி, சுழிகள் அடைத்துப் போகும். மெஷினுக்குள் தமிழ் எழுத்து இல்லையென்றால் இங்க்ஸ்டிச் என்ற இலவச மென்பொருளில் பெரியவர் துணையோடு உருவாக்கலாம்.

இப்போது உங்களுக்கு ஒரு சோதனை. 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள, உள்ளே முழுவதும் நிரப்பிய வட்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தையல்கள் எல்லாம் இடவலமாக ஓட வேண்டும். அடியில் தாள் இல்லாமல் ஒரு முறை, ஒரு தாளோடு ஒரு முறை, இரண்டு தாளோடு ஒரு முறை தையுங்கள். துணி, நூல், வேகம் மூன்றும் மாறக்கூடாது. ஹூப்பிலிருந்து கழற்றியபின் ஒவ்வொரு வட்டத்தையும் குறுக்கிலும் நெடுக்கிலும் அளந்து அட்டவணை போடுங்கள். எந்த வட்டம் அதிகம் குறுகியது, எவ்வளவு குறுகியது, ஏன் என்று எங்களுக்குக் கடிதம் எழுதுங்கள்.