தறி இல்லாத நெசவாளர்கள்

நெசவாளர்கள்! தறியடியில் உட்கார்ந்து நூல் கோத்தவர்கள் அல்லர். 1948ல் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் கூடிய நான்கு பாட்டுக்காரர்கள் தங்கள் குழுவுக்குச் சூட்டிய பெயர் அது. பீட் சீகர், லீ ஹேய்ஸ், ஃபிரெட் ஹெல்லர்மன், ரோனி கில்பர்ட் அம்மையார் ஆகியோரே அந்த நால்வர். சைலீசியாவின் நெசவாளர்கள் வயிற்றுக்குப் போதாத கூலியை எதிர்த்து 1844ல் கிளர்ந்தெழுந்தார்கள். அதை ஜெர்மன் ஆசிரியர் ஹாப்ட்மன் நாடகமாக்கினார். அந்த நாடகத்தின் பெயரைத்தான் இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைப் பெயரிலேயே சொல்லிவிட்டார்கள்!

இவர்களுடைய மூலதனம் என்ன? ஒரு பாஞ்சோ, ஒரு கிதார், நான்கு குரல்கள். பாடியவையோ சுரங்கத்திலும் வயலிலும் சிறையிலும் பிறந்த பாட்டுகள். 1949 செப்டம்பரில் பீக்ஸ்கில் ஊரில் கறுப்பினப் பாடகர் பால் ரோப்சன் நடத்திய கூட்டத்தில் சீகரும் பாடினார். கூட்டம் கலைந்து திரும்பியவர்களின் வண்டிகள்மீது வெறியர்கள் கல்மாரி பொழிந்தார்கள். தம் வண்டிக்குள் விழுந்த கற்களைச் சீகர் எறிந்துவிடவில்லை. பின்னர்த் தம் கையால் கட்டிய வீட்டின் புகைபோக்கியில் வைத்துப் பூசினார்.

அந்த ஆண்டின் இறுதியில் ‘வில்லேஜ் வான்கார்டு’ என்ற விடுதியில் வேலை கிடைத்தது. நால்வருக்கும் சேர்த்து வாரம் 200 டாலர். தின்ன இறைச்சி ரொட்டி இலவசம். சீகர் தின்ற அளவைப் பார்த்த விடுதிக்காரர், 250 டாலர் தருகிறேன், ரொட்டியை மட்டும் விட்டுவிடுங்கள் என்றாராம்! சீகரே இதைச் சொல்லிச் சிரித்ததுண்டு.

பிறகு டெக்கா கம்பெனி இவர்களை இசைத்தட்டில் ஏற்றியது. 1950ல் ‘குட்நைட் ஐரீன்’ பாட்டு 13 வாரம் முதலிடத்தில் நின்றது. அதை இவர்களுக்குத் தந்தவர் சிறைக் கொட்டடி கண்ட கறுப்பினப் பாடகர் லெட்பெல்லி. நாடே அதைப் பாடியபோது அவர் உயிரோடு இல்லை; 1949 டிசம்பரிலேயே ஏழையாக இறந்துபோனார்.

பணம் வந்ததும் பக்குவம் சொல்ல ஆள் வந்தார். இடதுசாரிக் கூட்டங்களில் பாடாதீர்கள், பெயர் கெடும் என்றார் இவர்களுடைய நிர்வாகி. நால்வரும் பெரும்பாலும் கேட்டுக்கொண்டார்கள். பலன் என்ன? 1950 ஜூனில் முன்னாள் ரகசியப் போலீசார் நடத்திய பத்திரிகை, ‘சிவப்பு’ ஆசாமிகள் என்று 151 பேரின் பட்டியலை அச்சிட்டது. சீகர் பெயர் அதில் இருந்தது. கோர்ட்டுத் தீர்ப்பா அது? இல்லை. அரசாங்க உத்தரவா? அதுவும் இல்லை. விளம்பரம் தரும் முதலாளி முகம் சுளிப்பானோ என்ற பயம் ஒன்றே போதுமானதாக இருந்தது!

1952 பிப்ரவரியில் ஹார்வி மாட்டுசோ என்ற கூலிச் சாட்சி, இவர்களில் மூவர் கம்யூனிஸ்டுகள் என்று விசாரணைக் குழுமுன் சத்தியம் செய்தார். பொய் சொல்லித் திரிந்ததை அவரே 1955ல் புத்தகமாக எழுதினார். பொய்ச் சாட்சிக்காகச் சிறையும் போனார். சீகர் ஒரு காலத்தில் கட்சியில் இருந்தவர்தாம், அதை அவர் பின்னாளில் மறைக்கவில்லை. இருந்தால் என்ன? கட்சியில் இருந்தவன் பாடக்கூடாது என்று எந்தச் சட்டம் சொல்லிற்று? ஆனால் மண்டபங்கள் கதவடைத்தன, டெக்காவும் கைவிட்டது, 1952 முடிவதற்குள் குழு கலைந்தது.

1955 ஆகஸ்டில் சீகரை விசாரணைக் குழு அழைத்தது. என் கொள்கையைப் பற்றிக் கேட்க உங்களுக்கு உரிமை கிடையாது என்று அவர் நின்றார். அதற்காக 1961ல் ஓராண்டுச் சிறைத் தண்டனை விதித்தார்கள்; மேல் கோர்ட்டு 1962ல் அதைத் தள்ளிற்று. வழக்கு தலைமேல் தொங்க வாய்ப்பிருந்த 1955 டிசம்பர் 24ம் தேதியே, ஹெரால்டு லெவந்தால் என்பவர் துணிந்து கார்னகி மண்டபத்தைப் பிடித்தார். பத்திரிகைகள் பாராமுகமாயிருந்தும் டிக்கெட்டு வாங்கிய ஜனங்கள் மண்டபத்தை நிரப்பினார்கள். அந்தப் பாட்டுகளைப் பெரிய கம்பெனி அல்ல, ‘வான்கார்டு’ என்ற சிறு கம்பெனிதான் 1957ல் இசைத்தட்டாக்கியது.

கண்டிக்க வேண்டியதையும் சொல்லிவிடுவோம். இவர்கள் 1952ல் புகழ்பெறப் பாடிய ‘விமோவே’, தென்னாப்பிரிக்கத் தொழிலாளி சாலமன் லிண்டா 1939ல் பதிவு செய்த பாட்டு. ஆசிரியர் என்று அச்சானதோ இவர்கள் நால்வரின் புனைபெயர்! சீகர் ஆயிரம் டாலர் அனுப்பச் செய்தார். ஆயினும் லிண்டா 1962ல் வறுமையில்தான் மாண்டார். குடும்பத்துக்கு உரிய பங்கு கிடைக்க 2006 வரை ஆயிற்று. 1958ல் குழு ஒரு சிகரெட் விளம்பரத்துக்குப் பாடியது, சீகர் விலகிக்கொண்டார்.

ஆனால் 1962 ஜனவரியில் தொலைக்காட்சிக்காரர்கள் ராஜவிசுவாசப் பத்திரத்தை நீட்டியபோது, சீகர் இல்லாத அந்தக் குழு கையெழுத்திட மறுத்தது. நிகழ்ச்சி ரத்தாயிற்று. 1964ல் குழு முடிந்தது.

1980 நவம்பரில் பழைய நால்வரும் மறுபடி கார்னகி மேடையேறினார்கள். நீரிழிவால் கால்களை இழந்திருந்த ஹேய்ஸ் சக்கர நாற்காலியில் வந்தார். இரண்டு இரவுகள் பாடினார்கள். அடுத்த ஆகஸ்டில் அவர் காலமானார்.