சாம்பலை மறுபடியும் விறகாக்க முடியுமா?

கல்லூரி நண்பன் ஒருவன் சாயப்பட்டறை வைத்திருக்கிறான். நிலக்கரி பாய்லர். போன மாதம் ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணினான். "டேய், புகையில வர்ற கரியமில வாயுவைக் கரண்ட் விட்டு கெமிக்கலா மாத்தி வித்துடலாம்னு ஒரு கம்பெனிக்காரங்க வந்தாங்க. இருபது லட்சம் போடச் சொல்றாங்க. இது நெசமா, ரீலா?"

நான் வேதியியல் படித்தவன் இல்லை. பி.இ. முடித்துவிட்டு இருபது வருடமாக புரோகிராம் எழுதிப் பிழைப்பவன். ஆனால் இந்த விஷயத்தைப் பற்றி ஓய்வு நேரத்தில் படித்துக் குறிப்பெடுத்து வைத்திருக்கிறேன். "ரெண்டு நாள் குடு, கணக்குப் போட்டுச் சொல்றேன்" என்றேன். அந்தக் கணக்குதான் இது.

முதலில், அறிவியல் நிஜம். ஜப்பானில் 1979-ல் இனோவே, ஃபுஜிஷிமா, ஹோண்டா ஆகியோர் டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற குறைகடத்திப் பொடிகளைக் கரியமில வாயு கரைந்த தண்ணீரில் கலந்து, மேலே வெளிச்சம் பாய்ச்சினார்கள். ஃபார்மிக் அமிலம், ஃபார்மால்டிஹைடு, மெத்தனால் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கிடைத்தன. 1985-ல் சிபா பல்கலைக்கழகத்தின் யோஷியோ ஹோரி வெளிச்சத்துக்குப் பதில் மின்சாரம் விட்டு, எதிர்மின்முனையாக வேறு வேறு உலோகங்களை வைத்துப் பார்த்தார். வெள்ளியும் தங்கமும் கார்பன் மோனாக்சைடைத் தந்தன. வெள்ளீயம் ஃபார்மேட்டைத் தந்தது. செம்பு மட்டும் மீத்தேன் தந்தது. பிறகு அதிலிருந்து எத்திலீனும் கிடைத்தது.

செம்புக்கு மட்டும் ஏன் இந்த யோகம்? வழியில் உண்டாகும் கார்பன் மோனாக்சைடை வெள்ளி லேசாகத்தான் பிடிக்கும், உடனே விட்டுவிடும். நிக்கல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடாது; அதனால் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன்தான் வரும். செம்பின் பிடி இரண்டுக்கும் நடுவில். அடுத்த வினை நடக்கும்வரை வைத்திருக்கும், முடிந்ததும் விடும். கார்பன் மோனாக்சைடுக்கு இரண்டு எலக்ட்ரான் போதும். எத்திலீனுக்குப் பன்னிரண்டு வேண்டும்.

இனி செலவு. கரியமில வாயு என்பது சாம்பல் மாதிரி. எரிந்து, சக்தியை எல்லாம் கொடுத்து முடித்த மிச்சம். அதை மறுபடி எரியும் பொருளாக்க, வாங்கிய சக்தியைத் திருப்பிக் கொடுத்தே ஆகணும். மின்முனை உலோகம் இங்கே வினையூக்கி. அது மலைப்பாதை மாதிரி. நல்ல பாதை போட்டால் பெட்ரோல் மிச்சமாகும். ஆனால் ஊட்டியின் உயரம் குறையாது.

எளிமையான பொருளான கார்பன் மோனாக்சைடையே எடுத்துக்கொள்வோம். ஒரு டன் தயாரிக்க 1.57 டன் கரியமில வாயு தேவை. இயற்கை கேட்கும் குறைந்தபட்ச மின்சாரம் சுமார் 2,550 யூனிட். அதற்கு 1.33 வோல்ட் போதும் என்பது ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் 3 வோல்ட் என்று வைத்தால், ஓர் எலக்ட்ரான்கூட வீணாகாவிட்டாலும், 5,740 யூனிட் ஆகிவிடும். பாய்லர் புகையில் பெரும்பகுதி நைட்ரஜன். கரியமில வாயுவை அதிலிருந்து பிரித்துச் சுத்தம் பண்ணும் செலவு தனி.

நம் நாட்டு கிரிட்டில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. 5,740 யூனிட்டுக்கு 4 டன். அதாவது 1.57 டன்னைப் பிடிக்க 4 டன்னைப் புகையாக விடுகிறோம்!

"சோலார் கரண்ட்ல பண்ணினா?" என்று கேட்கலாம். நானும் முதலில் அங்கேதான் ஏமாந்தேன். சோலாரில் ஓடினால் அந்தப் 4 டன் கணக்கில் வராது, சரிதான். ஆனால் அதே 5,740 யூனிட்டை நேராக கிரிட்டுக்குக் கொடுத்து அனல்மின்சாரத்தைக் குறைத்திருந்தால், 4 டன் வெளியாகாமலே தடுத்திருக்கலாம். அதை விட்டுவிட்டு 1.57 டன்னைத்தான் மாற்றியிருக்கிறோம். அதிலிருந்து எரிபொருள் செய்து எரித்தால் அதுவும் திரும்பக் காற்றுக்கே போய்விடும்.

அப்படியென்றால் இந்த ஆராய்ச்சி வீணா? இல்லை. அனல்மின்சாரம் பெருமளவு குறைந்து, பகலில் சூரிய மின்சாரம் வாங்க ஆளில்லாமல் மிஞ்சும் காலத்தில், பிளாஸ்டிக்குக்கு எத்திலீனும் விமானத்துக்கு எரிபொருளும் தேவைப்படும். நிலக்கரியும் எண்ணெயும் இல்லாமல் கார்பன் எங்கிருந்து வரும்? அந்த நாளுக்கு நல்ல பாதை இப்போதே போட்டு வைக்கணும். எலக்ட்ரான் வீணாகாத, வருடக்கணக்கில் கெடாத மின்முனைதான் அந்தப் பாதை.

நண்பனிடம் மூன்று கேள்வி கேட்கச் சொன்னேன். ஒரு டன்னுக்கு எத்தனை யூனிட்? அந்தக் கரண்ட் எங்கிருந்து? மின்முனை எத்தனை மணி நேரம் தொடர்ந்து ஓடியிருக்கிறது?

இரண்டாவது கேள்விக்கு, "எந்தக் கரண்டா இருந்தா என்ன சார்" என்றார்களாம். இப்போது அவன் மேஜையில் இருப்பது கூரைமேல் சோலார் போடுவதற்கான கொட்டேஷன். அதையும் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லி எனக்கே அனுப்பியிருக்கிறான்.